சூடாமணி எழுதிய ஐம்பத்தொரு விளக்கங்கள்

எதையும் அரைகுறையாகப் புரிந்துகொண்டு நகர்ந்துவிட சூடாமணிக்குத் தெரியாது. கணிதம் எம்.எஸ்ஸி. படித்த நாளிலேயே அப்படித்தான். பேராசிரியை கரும்பலகையில் 'ஆகவே' என்று எழுதி அடுத்த வரிக்குத் தாவிவிட்டால், அந்த 'ஆகவே'க்குள் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கும்வரை அவளுக்கு மத்தியானச் சாப்பாடு இறங்காது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த ஸ்ரீலக்ஷ்மி நேர் எதிர். யாரிடம் என்ன பேசினால் காரியம் நடக்கும் என்பது அவளுக்கு விரல் நுனியில். ஹால் டிக்கெட்டில் பிழை என்றால் சூடாமணிக்கும் சேர்த்து அவளே ஆபீஸுக்குப் போய்த் திருத்தி வாங்கி வருவாள். இப்படி ஒருத்திக்கு ஒருத்தி தோதாக இருந்ததால் அந்த சிநேகிதம் படிப்பு முடிந்தபிறகும் அறுந்துபோகவில்லை.

1995-ல் இருவருக்கும் முப்பத்தொரு வயது. சூடாமணி கல்யாணமாகி மேற்கு மாம்பலத்தில் இரண்டு அறை கொண்ட ஒரு போர்ஷனில் இருந்தாள். கணவர் பத்ரிநாராயணன் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் குமாஸ்தா. குழந்தை இல்லை, அதைப் பற்றிப் பேசுவதை இருவரும் நிறுத்தியிருந்தார்கள். பனகல் பார்க் பக்கத்தில் ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் சூடாமணி சி மொழி சொல்லிக்கொடுத்தாள். தினமும் காலையில் ரயில் பாதைக்கு அடியில் போகும் சப்வே வழியாக நடந்தே போய்விடுவாள். ஸ்ரீலக்ஷ்மி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மந்தைவெளியில் பெற்றோருடன் இருந்துகொண்டு அடையாறில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஆகாயத்திலிருந்து எடுத்த நிலப் படங்களைக் கம்ப்யூட்டரில் அலசும் வேலை.

அந்த வருஷம் டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் லஸ் முனை ஓட்டலில் காபி குடிக்கும்போது ஸ்ரீலக்ஷ்மி கைப்பையிலிருந்து நான்கு பிளாப்பிகளை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இது ஒரு புரோகிராம் லைப்ரரிடி. ஓக்னு பேரு. டச்சு பாஷையில கண்ணுன்னு அர்த்தமாம். ஹாலந்துல ஒரு புரொபசர் எழுதி எல்லாருக்கும் சும்மாவே விட்டிருக்கார். யார் வேணா எடுத்துக்கலாம், உள்ள கையை விட்டுத் திருத்தலாம். படத்துல கறை எடுக்கறது, ஓரம் கண்டுபிடிக்கறது, எல்லாம் இருக்கு. கூடவே அறுபத்திரண்டு எடுத்துக்காட்டு புரோகிராம் குடுத்திருக்கார். ஆனா ஒண்ணாவது புரியணுமே! ஒரு வரி விளக்கம் கிடையாது. எங்க லேப்ல எல்லாரும் முழிச்சுண்டிருக்கா. நீ கொஞ்சம் பாரேன்."

சூடாமணி பார்த்தாள். மத்தியானம் ஒரு மணி வகுப்புக்கும் நான்கு மணி வகுப்புக்கும் நடுவே சென்டரில் மெஷின்கள் சும்மா இருக்கும். வண்ணத் திரை வைத்த மெஷின் ஒன்றுதான்; அதன் முன்னால் தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் புரோகிராமை ஓட்டினாள். படத்தில் இருக்கும் புள்ளிக் கறையை நீக்கும் புரோகிராம் அது. சோதித்துப் பார்க்க ஒரு படம் வேண்டுமே என்று ஸ்ரீலக்ஷ்மியிடம் தன் கல்யாண போட்டோவைக் கொடுத்து ஸ்கேன் செய்து வாங்கியிருந்தாள். மழைக்காலத்து ஈரத்தில் பூசணம் பிடித்து முகமெல்லாம் புள்ளி விழுந்த போட்டோ. புரோகிராம் ஓடி முடிந்ததும் புள்ளிகள் போய்விட்டன. கூடவே அவள் மூக்குத்தியும் போய்விட்டது.

சூடாமணி தனியாக உட்கார்ந்து சிரித்தாள். அப்புறம் ஏன் போயிற்று என்று வரி வரியாகப் படித்துக் கண்டுபிடித்து, ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதினாள். 'ஒவ்வொரு புள்ளியையும் அதைச் சுற்றியுள்ள எட்டுப் பேரோடு பஸ் ஸ்டாப்பில் உயரப்படி, அதாவது வெளிச்சத்தின் அளவுப்படி, வரிசையாக நிற்க வையுங்கள். ஐந்தாவதாக நிற்பவரின் உயரத்தையே நடுவில் இருப்பவருக்குக் கொடுங்கள். இவ்வளவுதான் இந்த புரோகிராம் செய்வது. கறை எது, நகை எது என்று இதற்குத் தெரியாது. அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.'

அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்ரீலக்ஷ்மி அதை இரண்டு தடவை படித்தாள். "இதை அந்த புரொபசருக்கே அனுப்பலாம்டி. எங்க லேப்ல ஈமெயில் இருக்கு. நீ பிளாப்பியில போட்டுக் குடு, நான் அனுப்பறேன்" என்றாள். சூடாமணிக்கு ஈமெயில் கிடையாது. அந்த நாளில் அது பெரிய கல்லூரிகளிலும் ஆராய்ச்சிக் கூடங்களிலும் இருந்த சமாசாரம்.

இப்படி ஆரம்பித்தது இரண்டு வருஷம் நடந்தது. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பிளாப்பி போகும், ஒரு பிளாப்பி வரும். ஒரு புரோகிராமில் 128 என்று ஒரு எண் இருந்தால், ஏன் 128 என்று சூடாமணி கேட்பாள். அறுபது போட்டுப் பார்ப்பாள், இருநூறு போட்டுப் பார்ப்பாள், எதில் நிழல் கறுத்துப்போகிறது, எதில் முகமே வெளுத்துப்போகிறது என்று எழுதுவாள். இருபத்து மூன்றாவது புரோகிராம் உயரத்தைவிட அகலம் கூடின படத்தைக் கொடுத்தால் நின்றுவிடுகிறது என்று கண்டுபிடித்தாள். அகலத்தையும் உயரத்தையும் புரொபசர் ஓரிடத்தில் மாற்றிப் போட்டிருந்தார். அதை அவருக்கு மனசு நோகாமல் எப்படிச் சொல்வது என்று யோசித்து மூன்று தடவை எழுதினாள்.

"என்ன சொன்னார்?" என்று ஒவ்வொரு வாரமும் ஆவலாகக் கேட்பாள்.

"நன்னா இருக்குன்னு எழுதியிருக்கார். அடுத்தது எப்ப வரும்னு கேக்கறார்."

"அந்த லெட்டரைப் பிரிண்ட் எடுத்துண்டு வாயேன், ஒரு தடவை பார்க்கறேன்."

"பிரிண்டர் ரிப்பேர்டி. சரியானதும் கொண்டு வரேன்."

பிரிண்டர் சரியாகவே இல்லை. அதில் சூடாமணிக்கு ஒன்றும் தோன்றவில்லை. சென்டரில் அவர்கள் பிரிண்டரும் அப்படித்தான்.

1997 கடைசியில் ஐம்பத்தொரு விளக்கம் முடிந்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஸ்ரீலக்ஷ்மி காபி சொல்வதற்கு முன்னாலேயே, "எனக்கு ஹாலந்துல வேலை கிடைச்சிருக்குடி. இரண்டு வருஷ கான்ட்ராக்ட். அந்த யூனிவர்சிட்டியிலேயேதான்" என்றாள்.

சூடாமணி நாற்காலியைவிட்டு எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படிடி? நிலப் படம் வேலையா?"

"ம்... அதுவும்தான். இதுவும்தான்."

குளிர் நாட்டுக்குப் போகிறாளே என்று சூடாமணி தன் கம்பளிச் சால்வையைக் கொடுத்தாள். பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் பாட்டிலில் அடைத்து, எண்ணெய் கசியாமல் மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றி, மந்தைவெளி வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். மிச்சம் பதினோரு புரோகிராமையும் முடித்து வைக்கிறேன், போனதும் அட்ரஸ் எழுது, தபாலில் பிளாப்பி அனுப்புகிறேன் என்றாள். ஸ்ரீலக்ஷ்மி தலையாட்டினாள். போன பிறகு ஒரு பொங்கல் வாழ்த்து வந்தது. காற்றாலைப் படம் போட்ட அட்டை. அட்ரஸ் எழுத மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று சூடாமணி நினைத்துக்கொண்டாள்.

1998 செப்டம்பரில் பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில் மெஹபூப் அலி என்பவர் தன் எஸ்.டி.டி. பூத்தின் பின்னறையில் மூன்று கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் திறந்தார். பதினோரு விளக்கமும் அதற்குள் முடிந்து பிளாப்பியில் உட்கார்ந்திருந்தன. ஸ்ரீலக்ஷ்மியின் ஈமெயில் விலாசம் ஓக்கின் இன்டர்நெட் பக்கத்தில் இருந்தாலும் இருக்கும், நாமே அனுப்பிவிடலாம் என்ற எண்ணத்தில் ஒரு மத்தியானம் சூடாமணி அங்கே போனாள். எங்கே எதை அடிக்க வேண்டும் என்று மெஹபூப் அலி காட்டிக்கொடுத்தார். ஓக் என்று தட்டினாள். பக்கம் மேலிருந்து கீழாக மெதுவாக இறங்க ஆரம்பித்தது.

முதலில் எழுத்துகள் வந்தன. 'எடுத்துக்காட்டு புரோகிராம்களின் விளக்கம்' என்று ஆங்கிலத்தில் ஒரு தலைப்பு. அதன் கீழே: 'எழுதியவர் ஸ்ரீலக்ஷ்மி, மெட்ராஸ். இப்போது எங்களோடு பணிபுரிகிறார்.'

தலைப்பு மட்டும் அப்படி இருக்கும் என்று சூடாமணி நினைத்தாள். கீழே எங்காவது தன் பெயர் இருக்க வேண்டும். பஸ் ஸ்டாப் வந்தது, 128 வந்தது, அவள் எழுதின வார்த்தைகள் ஒரு கமா மாறாமல் வந்தன. இருபத்து மூன்றாவது புரோகிராமுக்கு அடியில், 'இந்தப் பிழையை மிகுந்த நயத்தோடு எடுத்துச் சொன்ன ஸ்ரீலக்ஷ்மிக்கு நன்றி' என்று புரொபசர் எழுதியிருந்தார். இன்னொரு பக்கத்தில் உபயோகிப்பவர்கள் எழுதின கடிதங்கள். பிரேசிலிலிருந்து ஒரு டாக்டர். போலந்திலிருந்து ஒரு மாணவன். 'அன்புள்ள ஸ்ரீலக்ஷ்மி, இவ்வளவு பொறுமையாக எனக்கு யாரும் எதையும் விளக்கியதில்லை' என்று அந்தப் பையன் எழுதியிருந்தான். தேதி 1996 ஜூன். இரண்டு வருஷத்துக்கு மேலாக அந்தக் கடிதம் அங்கே இருக்கிறது. அந்த ஜூனில் எத்தனை வெள்ளிக்கிழமை எதிரெதிரே உட்கார்ந்து காபி குடித்திருப்பார்கள்!

கடைசியாகப் படங்கள் இறங்கின. பட்டுப்புடவையில் மாலையும் கழுத்துமாக சூடாமணி. பக்கத்தில் மெலிந்த பத்ரிநாராயணன்.

"இன்னா மேடம், இது உங்க போட்டோ மாரி கீதே?" பின்னால் வந்து நின்ற மெஹபூப் அலிக்கு ஒரே ஆச்சரியம். "ஆமா, நீங்கதான்! ஃபாரின்காரன் பேஜ்ல உங்க மூஞ்சி! அப்போ நீங்கதான் ஸ்ரீலக்ஷ்மியா?"

"இல்லை" என்றாள் சூடாமணி.

பிளாப்பியை அவள் பையிலிருந்து எடுக்கவே இல்லை. நான்கு மணி வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்தினாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கை கால் அலம்பி, உலை வைத்து, அரிசி களைந்துகொண்டே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

பத்ரிநாராயணன் பொறுமையாக முழுக்கக் கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை அவர். "சரி, போறது விடு. நீ என்ன பேருக்காகவா எழுதினே? நாலு பேருக்கு உபயோகமா இருக்கட்டும்னுதானே எழுதினே? அது ஆயிண்டுதானே இருக்கு" என்றார்.

"பேருக்காக எழுதலைதான். ஆனா எம்பேர்ல எழுதினேன்."

"அதென்ன வித்தியாசம்?"

எல்லாவற்றையும் எல்லோருக்கும் புரியும்படி விளக்கத் தெரிந்தவளுக்கு இதை விளக்கத் தெரியவில்லை. அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

ஸ்ரீலக்ஷ்மிக்கோ புரொபசருக்கோ உடனே எழுதியிருக்கலாம். சூடாமணி எழுதவில்லை. அவளுக்கு முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். எங்கேயோ ஒரு தவறு, யாரோ ஒரு குமாஸ்தா பெயரை மாற்றிப் போட்டுவிட்டான் என்று ஸ்ரீலக்ஷ்மியே சொல்லிவிட மாட்டாளா என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. நான்கு மாதம் அந்த நப்பாசையோடு இருந்தாள்.

தை மாதம் தன் தம்பி கல்யாணத்துக்காக ஸ்ரீலக்ஷ்மி வந்தாள். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் மத்தியானம் சூடாமணி மந்தைவெளி வீட்டுக்குப் போனாள். ஸ்ரீலக்ஷ்மியின் அம்மா வாசலுக்கே வந்து, "வாடி சூடா, கல்யாணத்துக்கு ஏன் வரலே?" என்று கடிந்துகொண்டு, சீர் பட்சணம் ஒரு தட்டு நிறைய வைத்துவிட்டு உள்ளே போனாள். ஸ்ரீலக்ஷ்மி மாடி அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். அவள் கதவைச் சாத்தினபோதே சூடாமணிக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது.

"பார்த்துட்டியா?" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

"பார்த்தேன்."

"மொதல்ல வேணும்னு பண்ணலைடி. சத்தியமா. மெயில் என் பேர்லேர்ந்து போச்சு. அவர் 'அன்புள்ள ஸ்ரீலக்ஷ்மி, அருமையா எழுதியிருக்கீங்க'ன்னு பதில் போட்டார். அடுத்த மெயில்ல சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"இரண்டு வருஷத்துல அடுத்த மெயில் வரவே இல்லையா?"

ஸ்ரீலக்ஷ்மி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "லேப்ல எனக்கு என்ன மரியாதை இருந்ததுன்னு உனக்குத் தெரியாது. பத்து வருஷமா ஆள் மாத்தி ஆள் வந்து புரோமோஷன் வாங்கிண்டு போனா. நான் அதே ஸ்டூல்ல உக்காந்திருந்தேன். மொதல் தடவையா எங்கிட்ட ஒருத்தர் மதிச்சு எழுதறார். அதை எப்படி விடறது?"

"அது என்னை மதிச்சுடி. உன்னை இல்லை."

"நன்னாத் தெரியும். ஒவ்வொரு மெயிலுக்கும் தெரியும்." குரலைத் தாழ்த்திக்கொண்டு, சமாதானம் சொல்வதுபோலச் சொன்னாள்: "உனக்கு இது தேவைப்படாதுன்னு நெனச்சேன். உனக்குன்னு ஒரு ஆம், ஆத்துக்காரர், சென்டர்னு எல்லாம் இருக்கு. நீ எங்கேயும் போகப்போறதில்லையே."

இதைக் கேட்டபோது சூடாமணிக்கு அழுகை வரவில்லை. தானும் போகக்கூடும், தனக்கும் போக ஆசை இருக்கக்கூடும் என்று பதினைந்து வருஷ சிநேகிதிக்குத் தோன்றவே இல்லை. அந்த வேலை வந்தபோது, அதைத் தன்னிடம் கேட்டுப் பார்க்கவாவது வேண்டும் என்று ஒரு கணம்கூட நினைத்திருக்க மாட்டாள். அந்தச் சால்வையை வேறு கொடுத்தோம்.

"அந்தப் போலந்துப் பையனுக்கு என்ன பதில் எழுதினே?" என்று கேட்டாள்.

"யாரு? ஞாபகமில்லையே... நன்றின்னு எழுதியிருப்பேன்."

"அவன் ஒரு கேள்வி கேட்டிருந்தான். கடுதாசியோட கடைசியில. ஓரம் ஏன் இரட்டைக் கோடா வரதுன்னு. அதுக்கு?"

ஸ்ரீலக்ஷ்மி தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள். சூடாமணி எழுந்தாள்.

"சூடா, ஒண்ணே ஒண்ணு. புரொபசருக்கு எழுதிடாதே. கான்ட்ராக்டை நீட்டறதுக்கு ஜூன்ல முடிவு பண்ணப்போறா. அதுவரைக்குமாவது."

சூடாமணி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கீழே ஸ்ரீலக்ஷ்மியின் அம்மாவிடம் 'வரேன் மாமி' என்று சொல்லிக்கொண்டு, பட்சணத்தைத் தொடாமல் படியிறங்கிவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து மெஹபூப் அலியின் சென்டருக்குப் போய், இலவசமாகக் கிடைக்கும் ஈமெயில் விலாசம் ஒன்றை எடுத்துக்கொண்டாள். பதினோரு விளக்கத்தையும் தன் பெயரைப் போட்டுப் புரொபசருக்கு அனுப்பினாள். ஸ்ரீலக்ஷ்மியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. பார்க்கட்டும், பார்த்தால் எல்லாம் ஒரே கை எழுதினது என்று தெரியாதா என்று நினைத்தாள்.

மூன்றாம் நாளே பதில் வந்துவிட்டது. 'மிக அருமை. உங்கள் நடை ஸ்ரீலக்ஷ்மியின் நடையை அப்படியே நினைவூட்டுகிறது. நீங்கள் அவரிடம் படித்த மாணவியா?'

பக்கத்து மெஷினில் யாரோ அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குச் சத்தமாகப் படித்துப் படித்து மெயில் அடித்துக்கொண்டிருந்தார். அவள் விசைப்பலகையை அருகே இழுத்துக்கொண்டு எழுதினாள். ஐம்பத்தொன்றையும் எழுதினது நான். ஸ்ரீலக்ஷ்மி என் சிநேகிதி. எனக்கு ஈமெயில் இல்லாததால் அவள் மூலம் அனுப்பினேன். முதல் புரோகிராமுக்குப் போட்டிருக்கும் கல்யாணப் படத்தில் இருப்பது நான், பக்கத்தில் என் கணவர். நான்கு வாக்கியம். அதற்குமேல் ஒன்றும் சேர்க்கவில்லை.

பன்னிரண்டு நாள் பதிலே இல்லை. தினமும் மத்தியானம் அவள் அந்தச் சந்துக்குப் போய்த் திரும்பினாள். பதிமூன்றாம் நாள் வந்தது. நீளமான, மிக மரியாதையான கடிதம். புரொபசர் ஸ்ரீலக்ஷ்மியிடம் பேசினாராம். சூடாமணி பல விளக்கங்களில் உதவி செய்ததையும், தன் கல்யாணப் படத்தை அன்போடு இரவல் கொடுத்ததையும் ஸ்ரீலக்ஷ்மி உடனே ஒப்புக்கொண்டாராம். இவ்வளவு தொலைவிலிருந்து தன்னால் இதற்குமேல் தீர்மானிக்க முடியவில்லை, இரண்டு தோழிகளுக்கு நடுவே நிற்கத் தான் விரும்பவில்லை என்று எழுதியிருந்தார். பக்கத்தைத் திருத்திவிட்டாராம்.

சூடாமணி பக்கத்தைத் திறந்தாள். 'எழுதியவர் ஸ்ரீலக்ஷ்மி. உதவி: சூடாமணி.' கடைசிப் பதினொன்றுக்கு மட்டும் அவள் பெயர் தனியாக இருந்தது.

'நான் உதவி செய்யவில்லை. எழுதினேன்' என்று ஒரே வரியில் பதில் போட்டாள். அதற்கு அவர் ஒன்றும் எழுதவில்லை.

"நல்ல சமாச்சாரமா மேடம்?" என்று மெஹபூப் அலி கேட்டார்.

"பாதி" என்றாள்.

"பாதி வந்தா மீதியும் வந்துடும், கவலைப்படாதீங்க."

வரவில்லை. ஜூனில் ஸ்ரீலக்ஷ்மியின் கான்ட்ராக்டை நீட்டிவிட்டார்கள். இதை மாமி சொல்லித்தான் சூடாமணி தெரிந்துகொண்டாள். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் பாண்டி பஜார் நடைபாதையில் மாமி எதிரே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, ஆத்துப் பக்கமே வரதில்லை? லக்ஷ்மி அங்கேயே இன்னும் மூணு வருஷம் இருக்கப்போறாளாம். எங்களையும் ஒரு தடவை வந்து பாருங்கோன்னு டிக்கெட் அனுப்பறேன்கறா. அவ எழுதின புஸ்தகத்தை அங்க எல்லாரும் படிக்கறாளாமே? நீதான் கூட இருந்து ஒத்தாசை பண்ணினேன்னு எப்பவும் சொல்லுவா. நன்றி மறக்காதவடி எம்பொண்ணு."

சூடாமணிக்கு உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இந்த வெயிலில், இந்தக் கூட்டத்தில், கையில் இரண்டு பையோடு நிற்கும் அறுபத்தைந்து வயது மனுஷியிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? சொன்னாலும் மாமி யாரை நம்புவாள்?

"சென்டர்ல வேலை ஜாஸ்தி மாமி. ஒரு நாள் வரேன்" என்றாள். மாமியின் பைகளை வாங்கிக்கொண்டு பஸ் வரும்வரை கூட நின்று ஏற்றிவிட்டாள்.

வேலை ஜாஸ்தி என்பது பொய்யில்லை. கடைசிப் பதினோரு புரோகிராம்களைப் பற்றி அவள் விலாசத்துக்கே கேள்விகள் வர ஆரம்பித்திருந்தன. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாள். ஒன்றைக்கூட விடவில்லை. சில கேள்விகள் மற்ற ஐம்பத்தொன்றைப் பற்றியும் இருக்கும். 'இதன் ஆசிரியருக்கு எழுதினோம், பதில் இல்லை, உங்களுக்குத் தெரியுமா' என்று கேட்பார்கள். அவற்றுக்கும் எழுதினாள். எழுதும்போது ஒவ்வொரு தடவையும் அந்த மாடி அறையும் சாத்தின கதவும் நினைவுக்கு வரும்.

அவளிடம் ஒரு மாறுதல் மட்டும் ஏற்பட்டது. வகுப்புக்கு எழுதும் குறிப்பானாலும் சரி, சென்டர் நோட்டீஸ் போர்டில் ஒட்டும் தாளானாலும் சரி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பெயரையும் தேதியையும் மையில் எழுதிவிட்டுத்தான் வெளியே விடுவாள். ஒரு நாள் மளிகைச் சாமான் சீட்டின் அடியிலும் எழுதிவிட்டாள். பத்ரிநாராயணன் அதைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும், சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.